எதிர்வாசல் குழாய்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள், வாராவாரம் இப்படிப் பத்திரிகையில் பக்கத்தை நிரப்புவது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிகிறது. போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு மளிகைக் கடையில் ஒருவர், "அதை எழுதறது நீங்கதானா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த பருப்பை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இந்த வாரம் எழுதப்போவது அதைவிடக் கூச்சமான விஷயம். பொறாமை. அடுத்தவர் பொறாமை என்றால் சுலபமாக எழுதிவிடலாம். இது என்னுடையது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும்.

குழாய்க்கு மாலை

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். ஆடி முடிந்து காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, கஸ்தூரி வீட்டு வாசலை ஒட்டி, புதிதாக ஒரு சிமெண்ட் மேடை. அதன் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய். தலையில் பித்தளைத் திருகு. அந்தத் திருகுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். நகராட்சியிலிருந்து வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திருகைத் திறந்தார்.

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு துருத் தண்ணீர். அப்புறம் நல்ல தண்ணீர். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் குடம் கஸ்தூரியுடையது.

நான் எங்கள் வீட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அதன் பின்னால் நின்று பார்த்தேன். அன்று விடியற்காலையில் பிள்ளையார் கோயில் தாண்டி இருக்கும் அடிபம்பில் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தேன். கிடைத்தது ஒரு குடம். அதையும் சமையலுக்கு ஊற்றியாகிவிட்டது.

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய் வசந்தா, இன்னாத்துக்குக் கதவாண்ட ஒளிஞ்சிகினு கீறே? குடத்த எடுத்துகினு வா. பைப்பு நம்ம வாசல்லயே கீது."

"எங்க வீட்ல தண்ணி இருக்கு" என்றேன்.

எனக்குப் பின்னால் இரண்டு குடங்களும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன.

பாதி ரோடு

எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். பாடிப் பக்கத்து ஆலைச் சுவர்களைத் தாண்டி மேற்கே வர வேண்டும். முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதற்கும் அப்பால், ஏரியிலிருந்து வந்த பழைய வாய்க்கால் ஒன்று தூர்ந்து தெருவானது. அதுதான் எங்கள் தெரு.

வாய்க்கால்தான் இரண்டு ஊருக்கும் எல்லை. வலப்பக்கம் பெரிய நொச்சி. இடப்பக்கம் சின்ன நொச்சி. ஒரே தெரு, இரண்டு பஞ்சாயத்து. கஸ்தூரி பெரிய நொச்சி. நான் சின்ன நொச்சி. அவள் வீட்டில் மீன் வறுத்தால் என் வீட்டுப் பூனை எழுந்து போகும். அவ்வளவு பக்கம்.

ஒரு தடவை பெரிய நொச்சிக்காரர்கள் ரோடு போட்டார்கள். கயிறு பிடித்து, சரியாகத் தெருவின் பாதி வரைக்கும் ஜல்லியும் கிராவலும் கொட்டினார்கள். எங்கள் பாதி மண்ணாகவே கிடந்தது. மழை வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களும் சைக்கிளை அந்தப் பாதியில்தான் ஓட்டினார்கள்.

இன்னொரு தடவை நடுத்தெருவில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. அந்த ஊர்த் தோட்டி அதை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். எங்கள் ஊர்த் தோட்டி சாயங்காலம் வந்து அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து, கஸ்தூரி வீட்டுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்.

"செத்தது எந்த ஊரு நாயின்னு அதுக்கே தெரியாது" என்று கஸ்தூரி சொன்னாள். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தோம்.

இருவரும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள். அவள் நூம்பலிலிருந்து வந்தாள். அவள் அப்பா அம்மா அங்கே நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் ஆவடியிலிருந்து வந்தேன். என் அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

குவார்ட்டர்ஸில் குழாய் சமையலறைக்குள்ளேயே இருந்தது. திறந்தால் வரும். இதைக் கஸ்தூரியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அடிபம்பு வரிசையில் நிற்கும்போதெல்லாம் சொல்வேன். அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல வாயைப் பிளந்து கேட்பாள். "ஊட்டுக்குள்ளயா? அடுப்பாண்டயேவா?" என்பாள். அவளுக்காக எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அந்தப் பாவம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் கையெழுத்து வாங்கிய கதை

ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சுற்றியுள்ள ஊர்களைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்க உத்தேசம். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம்.

ஒரே பேச்சு. வீட்டு வரி ஏறும் என்றார்கள். மாடு கட்டக் கூடாது என்றார்கள். ஓலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். சிலர், ரோடு வரும், விளக்கு வரும், மனை விலை போகும் என்றும் சொன்னார்கள்.

எங்கள் சின்ன நொச்சித் தலைவர் சேரக் கூடாது என்ற கட்சி. சேர்ந்தால் பஞ்சாயத்தே இருக்காது, தலைவரும் இருக்க மாட்டார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் இரண்டு முழுநீளத் தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வசந்தாம்மா, உங்க எழுத்து அச்சடிச்ச மாரி கீதுன்னு வாத்தியார் சொன்னாரு. ஊருக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். மனுவ எழுதி, ஊடு ஊடா ஒரு கையெழுத்தும் வாங்கிட்டீங்கன்னா, பொம்பளைங்க சொன்னா மறுக்க மாட்டாங்க."

என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எழுதினேன். 'எங்கள் கிராமம் முழுக்க முழுக்க விவசாயத்தை நம்பியது' என்று எழுதினேன். அப்போது விவசாயம் செய்தவர்கள் மூன்று வீடு. மற்ற எல்லோரும் பாடிக்கும் அம்பத்தூருக்கும் ஷிப்டுக்குப் போனவர்கள். என் வீட்டுக்காரரும் லேத்துப் பட்டறையில்தான் இருந்தார்.

முதல் நாள் முதல் வீட்டுக் கதவைத் தட்டவே பத்து நிமிஷம் ஆனது. நாலாவது நாள், போன வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில், "டீச்சரம்மா வராங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை. எழுதத் தெரியாத கிழவிகளின் கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி, தாளில் பதித்து, என் முந்தானையாலேயே துடைத்துவிட்டேன்.

கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எலக்சன்ல நிக்கப் போறியா? எங்காண்ட வந்து கேக்கவே இல்ல."

"நீங்க பெரிய நொச்சி. உங்களுக்குத் தனி."

"எங்க தலைவரு சேந்துக்கலாம்னுட்டாரு. பைப்பு போடுவாங்களாம்."

"வரியும் போடுவாங்க."

"போட்டா போடட்டும். பம்பாண்ட நிக்கற நேரத்துக்கு நான் எதுனா ஒரு கம்பெனிக்குப் போயி டப்பா அடுக்கிட்டு வருவேன்."

விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் அன்று சாப்பிடும்போது கேட்டார். "சரி, அவங்களுக்கு வந்து நமக்கு வரலைன்னா இன்னா பண்ணுவே?"

"நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றேன்.

உத்தரவு வந்தது. பெரிய நொச்சி நகராட்சியோடு சேர்ந்தது. சின்ன நொச்சி பஞ்சாயத்தாகவே நிற்கும். எங்கள் தலைவர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். நீல நிறப் பிளாஸ்டிக் குடம்.

என் மனுவினால்தான் அப்படி ஆனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய நொச்சியில் தொழிற்கூடங்கள் இருந்தன, வரி வரும். எங்களிடம் இருந்தது ஏரியும் வயலும். வருமானம் உள்ள ஊரைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று பட்டறையில் பேசிக்கொண்டதாக என் வீட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஊரில் பாதிப் பேரின் கட்டைவிரலைப் பிடித்தது நான்.

அவர்கள் வெளிச்சம்

குழாய்க்கு அடுத்து டியூப்லைட் வந்தது. கம்பங்கள் எல்லாம் வலப்பக்கம். சாயங்காலம் ஆறரைக்கு எரியும். வெளிச்சம் எங்கள் வாசலிலும் விழுந்தது.

என் மாமியாரும் நாத்தனாரும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நாற்பது வாட் குண்டு பல்பின் கீழே உட்கார்ந்தேன். கல் சரியாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் சாதத்தில் கல்லைக் கடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் ரசத்தை ஊற்றுவேன்.

நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பதுதான். இந்தப் பக்கம் என்றதும், வந்த அம்மாள் புடவைத் தலைப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பாதித் தெருவில் கால் வைத்தார்.

அந்தப் பக்கம் யாராவது மனை பிரித்தால் இத்தனை அடி ரோடு விட வேண்டும் என்று நகராட்சியில் சொல்லிவிடுவார்கள். விட்டார்கள். எங்கள் பக்கம் கேட்பாரில்லை. ஏரியை ஒட்டிய வயல்களில் வெள்ளைக்கல் முளைத்தது. ஆட்டோ திரும்ப முடியாத சந்துகளாகப் பிரித்து விற்றார்கள். அங்கே ஒரு பலகை நட்டிருந்தார்கள். 'நகராட்சி எல்லைக்கு மிக அருகில்' என்று எழுதியிருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு முகம் சூடாகும்.

வசந்தா கல்லு

குழாய் வந்த பிறகு இருபது நாள் தாங்கினேன். இருபத்தோராவது நாள் அடிபம்பில் வாஷர் போய்விட்டது. நீலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

கஸ்தூரி ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் குழாயடியில் குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல். மறுநாள் நான் போனபோது, அவள் கல்லுக்குப் பின்னால் ஓர் உடைந்த செங்கல் இருந்தது.

"அது வசந்தா கல்லு. யாரும் நவுத்தாதீங்க" என்றாள்.

"பஞ்சாயத்துத் தண்ணி எறங்கலையாம்மா உங்களுக்கு?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"சும்மா இரு. அவங்க பொறந்த ஊட்ல அடுப்பாண்டயே பைப்பு. குவார்ட்டர்ஸ்காரம்மாக்கு வழி உடுங்க" என்றாள் கஸ்தூரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது அன்பா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இப்படி மாதக்கணக்கில் போனது. ஒரு நாள் மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஓர் இன்லண்ட் லெட்டர்.

"வசந்தா, ஊட்டுக்குள்ளயே பைப்பு வேணும்னு மனு குடுக்கலாமாம். எழுதிக் குடேன். அடுப்பாண்டயே வரணும். நீ சொல்லுவியே, அந்த மாரி."

கஸ்தூரிக்குத் தன் பெயரைப் போட மட்டும்தான் தெரியும். அவள் அம்மா வீட்டுக்குக் கடிதம், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், எல்லாம் நான் எழுதுவதுதான். எழுதினேன். மேல்விலாசத்தையும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவள் அதை மாரோடு அணைத்துக்கொண்டு போனாள்.

என்னிடமும் ஓர் இன்லண்ட் லெட்டர் இருந்தது. அம்மாவுக்கு எழுத வைத்திருந்தது. அதை எடுத்து இடது கையால் எழுதினேன். 'எல்லைத் தெருக் குழாயில் நகராட்சியைச் சேராதவர்கள் தினமும் தண்ணீர் பிடிக்கிறார்கள். எதிர்வீட்டார் உடந்தை. நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, பொதுமக்கள்.'

நகராட்சியைச் சேராமல் அங்கே தண்ணீர் பிடித்தவள் நான் ஒருத்திதான். என்னையே காட்டிக்கொடுத்து நான் எழுதிய மொட்டைக் கடிதம் அது. எனக்குத் தண்ணீர் நின்றாலும் பரவாயில்லை, அவள் ஒரு நாளாவது தலை குனிய வேண்டும் என்று இருந்தது. பொறாமை கணக்குப் பார்ப்பதில்லை.

கோணல்மாணலாக எழுதி முடித்து, மடித்து ஒட்டினேன். மேல்விலாசம் எழுதும்போது தபால்காரருக்குப் புரிய வேண்டுமே என்று நினைத்தேன். எப்போதும்போல வலது கையால், நிறுத்தி, அழகாக எழுதினேன்.

அந்தத் தப்பு தபால்பெட்டியிலிருந்து திரும்பி வரும் வழியில்கூட எனக்கு உறைக்கவில்லை.

ஓவர்சியர்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரம். குழாயில் என் முறை. நீலக் குடம் பாதி நிறைந்திருந்தது. நகராட்சி ஓவர்சியர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். கையில் இரண்டு இன்லண்ட் லெட்டர்கள்.

"இங்க கஸ்தூரி யாரு?"

"நான்தான் சார். பைப்பு மனுவா சார்?" அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுவும் இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. வெளி ஆளுங்க தண்ணி பிடிக்கிறாங்கன்னு புகார்." அவர் என் குடத்தைப் பார்த்தார். "இவங்க எந்தப் பக்கம்?"

"நம்ம ஊட்டு ஆளு சார்" என்றாள் கஸ்தூரி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க சொல்லுங்க. வீடு எது?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் எதிரே என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் என் புடவை காய்ந்தது. என் கை தானாகவே அந்தப் பக்கம் நீண்டது.

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு கடிதங்களையும் கவிழ்த்து, விலாசப் பக்கத்தைக் கஸ்தூரியிடம் நீட்டினார்.

"இது உங்க மனு. இது மொட்டைக் கடுதாசி. மேல இருக்கற எழுத்து ரெண்டும் ஒரே கை. நீங்களே மனுவும் போட்டு, புகாரும் போட்டீங்களா?"

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் எழுத்தை அவள் எத்தனை கடிதத்தில் பார்த்திருப்பாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதத் தெரிஞ்சவங்க யாரு கேட்டாலும் எழுதிக் குடுப்பாங்க சார்" என்றாள் கஸ்தூரி. "ஊருக்கே எழுதிக் குடுத்த கையி. யாருன்னா வயித்தெரிச்சல் புடிச்சவங்க வந்து கேட்டுருப்பாங்க. எழுதுனவங்க மேல இன்னா தப்பு கீது?"

ஓவர்சியர் சிரித்துவிட்டார். சைக்கிளை எடுத்தார். கஸ்தூரி குழாயை மூடினாள். என் குடத்தைத் தூக்கி, எப்போதும்போல என் இடுப்பில் வைத்தாள்.

"போ. சிந்தாம போ" என்றாள்.

பின்னால்

அவள் அதை நம்பிச் சொன்னாளா, என்னைக் காப்பாற்றச் சொன்னாளா என்று நான் கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கடிதமும் எழுதச் சொல்லவில்லை. போஸ்டாபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் எழுதி வாங்கினாள். 'குவார்ட்டர்ஸ்காரம்மா' என்றும் கூப்பிடவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தையும் சேர்த்தார்கள். இந்தத் தடவை யாரும் மனு எழுதவில்லை. குழாய் போட வந்தவர்கள் எங்கள் சந்துகளைப் பார்த்துவிட்டு, பள்ளம் தோண்டினால் வீட்டுச் சுவர் சரியும் என்று திரும்பிப் போனார்கள். மறுபடி வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் கஸ்தூரி மாடி கட்டிவிட்டாள். அவள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கிறது. மாடியிலும் ஒன்று இருக்கிறது. எங்கள் குழாய் வாசலில்தான். இப்போதும் அவள் மாடியில் துணி காயப்போடுவதைப் பார்த்தால் என் மனசு ஓர் அங்குலம் இறங்கும்.

அவள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவள் மகள் படித்துக்காட்டுவாள்.

ஓவர்சியர் வந்துபோன மறுநாள் பத்து மணிக்கு நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் ரெஞ்சும் கடப்பாரையுமாக வந்தார்கள். எல்லை ஓரத்தில் குழாய் இருந்தால் வெளியாட்கள் வருவார்கள் என்று உத்தரவாம். எதிர்வாசல் குழாயைக் கழற்றி, ஒன்பது வீடு தள்ளி உள்தெருவில் மாட்டினார்கள். கஸ்தூரி தன் கல்லை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். உடைந்த செங்கல் மேடையிலேயே கிடந்தது. நான் அடிபம்புக்குப் போனேன்.